பஞ்சமி நிலமும் நம் இளைஞர் கடமையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த நம் மக்களுக்குச் சொந்த நிலம் இல்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் இந்நிலையை ஆராய்ந்து, 1891-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் அரசாணை பிறந்து, பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. முதற் பத்தாண்டுகள் அதனை விற்றலோ அடகு வைத்தலோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு மாற்றினால் செல்லாது.

இத்துணைக் காப்பிருந்தும் நிலம் கைமாறியது எங்ஙனம்? விதைநெல்லுக்கும் திருமணத்திற்கும் மருந்திற்கும் சிறு கடன் வாங்கிய நம் முன்னோர், படிக்க இயலாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தனர். சிலர் அச்சுறுத்தலுக்கு அஞ்சி வெளியேறினர். சொந்த வயலிலேயே கூலியாயினர். 1994-இல் செங்கற்பட்டில் நடந்த நில மீட்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டிற்கு இருவர் உயிர் ஈந்தனர்.

இளைஞர்களே! நம் பாட்டனார்க்கு இல்லாத எழுத்தறிவு உங்களுக்கு வாய்த்திருக்கிறது. விடுமுறையில் ஊர் செல்லும்போது, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். நிபந்தனை நிலம் எது, இன்று எவர் பெயரில் உள்ளது எனப் புல எண்ணோடு குறித்து வாருங்கள். முன்னோர் கைநாட்டால் இழந்ததை நீங்கள் கையெழுத்திட்ட மனுவால் மீட்க முயலுங்கள். நாம் பெற்ற கல்விக்கு அதுவே பயன்.