படைவீரர்களின் நினைவுகள் யாருக்குச் சொந்தம்?

(1946 கடற்படை எழுச்சியின் 80ஆம் ஆண்டையொட்டி, மும்பையில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

 

ஓய்வுபெற்ற படைவீரர்கள் தங்கள் பணிக்காலத்தைத் திரும்பிப் பார்க்கும்போது எதைச் சொல்கிறார்கள்? நமது நாட்டில் இந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். குடியரசு நாள் அணிவகுப்பு, பதக்கங்கள், எல்லைப் போர்களின் வெற்றிக் கதைகள் ஆகியவையே அந்தப் பதில். தொலைக்காட்சி விவாதங்களில் ஓய்வுபெற்ற தளபதிகள் நாள்தோறும் பேசுகிறார்கள். ஆனால் படையின் மிகப் பெரும்பகுதி தளபதிகளால் ஆனதன்று. கடன்பட்ட விவசாயியின் மகனும், நிலமற்ற கூலித் தொழிலாளியின் மகனும், வேலையின்றி அலைந்த சிறுநகர இளைஞனும்தான் அந்தப் படை. அவர்கள் தம் பணிக்காலத்தைப் பற்றிப் பேசும்போது போர்க்களத்தோடு வேறு செய்திகளும் வருகின்றன. தட்டில் விழுந்த சோறு, மேலதிகாரியின் வசவு, ஊருக்கு அனுப்பிய பணம், ஏற்க முடியாத ஒரு கட்டளை இவையெல்லாம் வருகின்றன. அந்தப் பேச்சை நாம் செவிமடுக்க வேண்டும் என்பதே இந்த உரையின் நோக்கம்.

ஒரு மாலுமியின் வாக்குமூலம்

1946 எழுச்சியை நேரில் நடத்தியவர்களில் ஒருவர் பலாய் சந்த் தத். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்து தந்திக் கருவிப் பிரிவில் பணிபுரிந்தவர். எழுச்சி நடந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1971இல், தமது நினைவுகளை நூலாக வெளியிட்டார். 'அப்பாவிகளின் கலகம்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை அதற்கு அவர் இட்டிருந்தார். தேர்ந்த அரசியல் தலைவர்கள் எவரும் முன்கூட்டித் திட்டமிட்டு நடத்திய எழுச்சி அல்ல அது என்பதை அந்தத் தலைப்பே உணர்த்துகிறது. 20 வயதையொட்டிய இளைஞர்கள், போரிலிருந்து திரும்பிய கையோடு, தாங்கள் எதற்காகப் போரிட்டோம் என்று கேட்கத் தொடங்கியதன் விளைவு அது.

போர் தொடங்கியபோது மிகச் சிறியதாக இருந்த ராயல் இந்தியக் கடற்படை, போர் முடியும்போது பத்து மடங்குக்கும் மேலாகப் பெருத்திருந்தது. நல்ல சம்பளம், தொழிற்பயிற்சி, போருக்குப் பின் எதிர்காலம் என்றெல்லாம் விளம்பரம் செய்து இளைஞர்களைச் சேர்த்தார்கள். உள்ளே வந்தவர்கள் கண்டது வேறு. ஒரே கப்பலில் ஒரே வேலையைச் செய்த பிரிட்டிஷ் மாலுமிக்கு ஒரு சம்பளம், இந்திய மாலுமிக்கு மிகக் குறைந்த வேறொரு சம்பளம். அவர்களுக்கு ஓர் உணவு, இவர்களுக்குக் கல்லும் மண்ணும் கலந்த பருப்பு. பாசிசத்தை எதிர்த்து ஜனநாயகத்திற்காகப் போரிடுகிறோம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், திரும்பி வந்தபோது தங்கள் நாடு அடிமையாகவே இருப்பதைக் கண்டார்கள். ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது, வெளியே வேலை இல்லை. செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான வழக்கு நாட்டையே கொந்தளிக்க வைத்துக் கொண்டிருந்தது.

இந்தச் சூழலில்தான், 1945 டிசம்பர் முதல் நாள் கடற்படைக் கொண்டாட்டத்திற்கு முந்தைய இரவில், கொலாபாவில் இருந்த 'தல்வார்' என்னும் தகவல் தொடர்புப் பயிற்சித் தளத்தின் சுவர்களில் 'வெள்ளையனே வெளியேறு', 'ஜெய் ஹிந்த்' என்ற முழக்கங்கள் எழுதப்பட்டன. பிப்ரவரி தொடக்கத்தில் தத் கைது செய்யப்பட்டார். தளத்தின் தலைமை அதிகாரி மாலுமிகளைப் பிறப்பையும் இனத்தையும் இழுத்து இழிவாகத் திட்டினார். பிப்ரவரி 18 அன்று காலையில் தல்வார் மாலுமிகள் உணவை மறுத்தார்கள். சோறு சரியில்லை என்பதில் தொடங்கிய மறுப்பு, ஓரிரு நாட்களில் 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் பரவியது.

சோறும் சுதந்திரமும்

கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள் தோழர்களே! தரமான உணவு வேண்டும். பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு இணையான சம்பளம் வேண்டும். இழிவுபடுத்திய அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும். அதே பட்டியலில், இந்திய தேசிய ராணுவத்தினரையும் அனைத்து அரசியல் கைதிகளையும் விடுதலை செய். இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்பப் பெறு என்ற கோரிக்கைகளும் இருந்தன. டச்சு ஏகாதிபத்தியத்தின் பிடியிலிருந்து விடுபடப் போராடிய இந்தோனேசிய மக்களை ஒடுக்க இந்தியச் சிப்பாயைப் பயன்படுத்தாதே என்று இந்திய மாலுமி சொன்னான். பருப்பில் கிடந்த கல்லையும் இந்தோனேசிய மக்களின் விடுதலையையும் ஒரே தாளில் எழுதும் அரசியல் தெளிவை அவனுக்குக் கொடுத்தது அவனுடைய பணி அனுபவமே.

பிப்ரவரி 19 அன்று மத்திய வேலைநிறுத்தக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத் தலைவர். கப்பல்களின் கொடிமரங்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் கொடிகள் ஒருசேர ஏறின. மத அடிப்படையில் நாட்டைக் கூறுபோடும் அரசியல் உச்சத்தை நெருங்கிக் கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இது நடந்தது.

21ஆம் தேதி காசில் பாரக்ஸ் முகாமில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. சரணடையாவிட்டால் கடற்படையையே அழித்துவிடுவோம் என்று அட்மிரல் காட்ஃப்ரே வானொலியில் மிரட்டினார். அப்போது கேட்வே ஆஃப் இந்தியா பகுதிக்கு இந்த நகரின் எளிய மக்கள் உணவுப் பொட்டலங்களோடு வந்தார்கள். 22ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சி விடுத்த பொது வேலைநிறுத்த அழைப்பை ஏற்று ஆலைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். பரேல், லால்பாக் பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தோழர் கமல் தோண்டே குண்டடிபட்டு உயிர்நீத்தார். தோழர் குசும் ரணதிவே காயமுற்றார். அரசின் கணக்குப்படியே இந்த நகரில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 228 பேர். காயமுற்றவர்கள் 1,046 பேர். கராச்சியில் 'ஹிந்துஸ்தான்' கப்பல் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானது. கல்கத்தாவிலும் சென்னையிலும் ஆதரவு வேலைநிறுத்தங்கள் நடந்தன.

காங்கிரசின் சர்தார் படேலும் முஸ்லிம் லீகின் ஜின்னாவும் சரணடையும்படி மாலுமிகளுக்கு அறிவுரை கூறினர். பழிவாங்கல் இராது என்ற வாக்குறுதியின் பேரில் 23ஆம் தேதி எழுச்சி முடிவுக்கு வந்தது. படையில் இருப்போரின் ரத்தமும் வீதியில் நிற்கும் மக்களின் ரத்தமும் முதன்முறையாக ஒன்றாகக் கலந்தது என்ற பொருள்பட, வேலைநிறுத்தக் குழு தனது இறுதி அறிக்கையில் கூறியது.

விடுதலைக்குப் பின்

வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. மாலுமிகள் சிறைவைக்கப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டு, ஊருக்குப் போகும் ரயில் சீட்டோடு அனுப்பப்பட்டனர். அடுத்த ஆண்டே நாடு விடுதலை பெற்றது. இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. பாகிஸ்தான் கடற்படையும் அழைக்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் இடம் தரப்படவில்லை. 1972இல்தான் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஒன்றிய அரசின் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. அதன்பின்னரே, எழுச்சியில் பங்கேற்றுப் பதவி இழந்த மாலுமிகள் விடுதலை வீரர்களாக ஏற்கப்பட்டனர். நாடு அவர்களை அங்கீகரிக்கக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. கொலாபாவில் நினைவுச் சின்னம் எழுந்தது 2001இல்தான்.

இந்தப் புறக்கணிப்புக்குக் காரணம் மறதி என்று கருதிவிட முடியாது. அந்நியன் கையில் இருந்தபோது கட்டளையை மீறிய சிப்பாய், நமது கையில் வந்த பிறகும் கேள்வி கேட்பானே என்ற ஆளும் வர்க்கத்தின் அச்சமே அதன் வேர். இதற்கு 16 ஆண்டுகள் முன்பே ஒரு சான்று உண்டு.

கார்வாலி கண்ட உண்மை

இன்றைய உத்தராகண்டின் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் சந்திர சிங் கார்வாலி. முதல் உலகப்போரில் பிரான்சிலும் மெசபடோமியாவிலும் பிரிட்டனுக்காகப் போரிட்டவர். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில், ஆயுதமின்றி நின்ற பட்டாணியர்கள் மீது சுடும்படி அவருடைய படைப்பிரிவுக்குக் கட்டளை இடப்பட்டது. இந்துச் சிப்பாய்கள், முஸ்லிம் ஆர்ப்பாட்டக்காரர்கள். மத வெறுப்பு தன் வேலையைச் செய்துவிடும் என்பது அதிகாரிகளின் கணக்கு. கார்வாலி குறுக்கே நின்றார். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

1931இல் காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டு சத்தியாகிரகிகள் விடுதலையானபோது, கட்டளையை மறுத்த படையினருக்கும் காவலர்களுக்கும் அந்தச் சலுகை கிட்டவில்லை. சுட மறுத்த சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை முறித்தவன் என்பதே காந்தியடிகளின் நிலைபாடாக இருந்தது. பதினொரு ஆண்டுகள் சிறையில் கழித்து 1941இல் வெளிவந்த கார்வாலி, கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இணைந்தார். டெஹ்ரி சமஸ்தான மக்களின் போராட்டத்தில் பங்கேற்றார். 1979இல் மறையும்வரை மலைப்பகுதி மக்களுக்காக உழைத்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ராகுல் சாங்கிருத்தியாயன் இந்தியில் எழுதினார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்வாலியின் வாழ்க்கைக் கதை நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அதை எழுதி வைக்க ராகுல்ஜி போன்ற ஒருவர் இருந்ததே. தத்தின் அனுபவம் கிடைத்ததற்குக் காரணம், அவர் தாமே எழுதியது. எழுதப்படாமல் போன ஆயிரக்கணக்கான மாலுமிகளின் நினைவுகள் அவர்களோடு மண்ணில் புதைந்துவிட்டன.

இன்றைய முன்னாள் படைவீரர்

இது பழங்கதை என்று எவரும் கருத வேண்டாம். இன்றைய படைவீரர் ஏகாதிபத்தியத்தின் கூலிப்படை அல்லர். இறையாண்மை பெற்ற குடியரசின் பாதுகாவலர். அந்த வேறுபாட்டை நாம் முழுமையாக மதிக்கிறோம். ஆனால் சீருடையைக் களைந்த பிறகு அவரை அரசு எவ்வாறு நடத்துகிறது? சாதாரணச் சிப்பாய் 40 வயதை எட்டுமுன்பே ஓய்வுபெற்று விடுகிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது. பெற்றோர் நோயுறும் வயது. மீதி வாழ்நாளை அவர் வங்கி வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலோ காவலாளியாகக் கழிக்கிறார்.

ஒரே பதவியில் ஒரே கால அளவு பணியாற்றியவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வுபெற்றாலும் ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்று அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். மார்பில் பதக்கங்களோடு அமர்ந்திருந்த அந்த முதியவர்களை அப்புறப்படுத்தக் காவல்துறை தேர்ந்தெடுத்த நாள் ஆகஸ்ட் 14. சுதந்திர நாளுக்கு முந்தைய நாள். அதே ஆண்டு நவம்பரில் வெளியான அரசாணை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையே ஓய்வூதியத்தைச் சமன்செய்யும் என்றது. தாங்கள் கேட்டது இதுவல்ல என்று அவர்கள் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டம் இந்தச் சிக்கலையே வேரோடு பிடுங்கிவிட்டது, அதாவது ஓய்வூதியத்தையே ஒழித்துவிட்டது. நான்கு ஆண்டுப் பணி; அதன்பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கே நிரந்தர வாய்ப்பு. மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. கையில் கிடைக்கும் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியிலும் பாதி, அவர்களுடைய சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் பிடித்தம் செய்யப்பட்டது. ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளியை ஒப்பந்தத் தொழிலாளியாக்கிய அதே கொள்கை எல்லைக் காவலுக்கும் போயிருக்கிறது. 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணியினர் நான்கு ஆண்டுகளை முடித்து வெளியேறும் காலம் நெருங்கிவிட்டது. 22, 23 வயதில் ஊர் திரும்பும் அந்த இளைஞர்களுக்குத் திரும்பிப் பார்க்க நான்கு ஆண்டுகளும், எதிரே பார்க்க நாற்பது ஆண்டுகளும் இருக்கும்.

நமது கடமை

தோழர்களே! தேர்தல் மேடைகளில் படைவீரரின் படத்தை வைத்து வாக்கு கேட்பவர்கள், அவருடைய ஓய்வூதியக் கோப்பைத் திறப்பதில்லை. அதே வேளையில், முன்னாள் படைவீரர் குடியிருப்புகளுக்குள் வெறுப்பு அரசியலை அவர்கள் இடைவிடாது கொண்டு செல்கிறார்கள். அந்தக் களத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

நமது கிளைகள் ஒவ்வொன்றின் எல்லைக்குள்ளும் முன்னாள் படைவீரர் இருக்கிறார். காவலாளியாக, பேருந்து ஓட்டுநராக, சிறு விவசாயியாக இருக்கிறார். அவரிடம் செல்லுங்கள். ஓய்வூதியம் முறையாக வருகிறதா, மருத்துவ வசதி கிடைக்கிறதா, விதவையான மூதாட்டியின் குடும்ப ஓய்வூதியம் எங்கே தடைபட்டிருக்கிறது என்று கேட்டு மனு எழுத உதவுங்கள். ஒப்பந்தக் காவலாளிகளின் சங்கத்திற்கு அவரை அழையுங்கள். ஊர் திரும்பும் அக்னிவீரர்களை வாலிபர் இயக்கம் சந்திக்கட்டும். வேலை கேட்கும் போராட்டத்தில் அவர்களும் முன்வரிசையில் நிற்க வேண்டியவர்கள்.

இத்தனையும் செய்யும்போது, அவர்களுடைய பணிக்கால நினைவுகளைக் கேட்டு எழுதி வையுங்கள். வேறு மொழி பேசியவனோடும் வேறு மதத்தவனோடும் ஒரே தட்டில் உண்டு, ஒரே பதுங்குகுழியில் உறங்கிய மனிதரிடம் மத நல்லிணக்கத்தைப் பற்றிய பாடம் நாம் நடத்தத் தேவையில்லை; அவர் நமக்கு நடத்துவார். மூன்று கொடிகளை ஒரே கொடிமரத்தில் ஏற்றிய மாலுமிகளின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

1946 எழுச்சியின் தியாகிகளுக்கு வீரவணக்கம் செலுத்துவோம். அக்னிபாத் திட்டத்தைத் திரும்பப் பெறுக, நிரந்தர ஆள்சேர்ப்பை மீண்டும் தொடங்குக என்ற முழக்கத்தை நாடெங்கும் கொண்டு செல்வோம்.