தழும்பு முதிரும் காலம்: மார்பு ஆண்வடிவ அறுவைக்குப் பிந்தைய ஆறுதலும் தோற்றக் கவலையும்

மார்பு ஆண்வடிவ அறுவை என்பது, பிறப்பின்போது பெண் என்று பதிவுசெய்யப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்கும், ஆண் பெண் என்னும் இரண்டிலும் தம்மை அடக்கிக்கொள்ளாத சிலருக்கும், மார்பகத் திசுவை அகற்றி, மிகுந்த தோலைக் குறைத்து, முலைக்காம்பை ஆண் மார்புக்குரிய அளவிலும் இடத்திலும் அமைத்துத் தரும் சிகிச்சையாகும். திருநம்பிகளின் பேச்சில் அது டாப் சர்ஜரி என்றே வழங்குகிறது. இம்மாநாடு ஆராய எடுத்துக்கொண்டிருப்பது அறுவை மேசையில் கழியும் சில மணி நேரத்தை அன்று. அதற்கு மறுநாள் தொடங்கி ஓராண்டையும் கடந்து நீளும் காலத்தை. அக்காலத்தில் எழும் தோற்றக் கவலையைப் புண் ஆறுவதிலிருந்து பிரித்தெடுத்து, புண்ணை மருத்துவத்தின் பொறுப்பாகவும் தோற்றத்தை அவரவர் மனத்தின் பொறுப்பாகவும் பங்கிடும் பழக்கம் அடிப்படையிலேயே பிழையானது என்பதே இவ்வுரை முன்வைக்கும் கருத்தாகும். தட்டையான மார்பைத் தருவதற்காகவே செய்யப்படும் ஓர் அறுவையில், அம்மார்பு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி சிகிச்சையின் பயனைப் பற்றிய கேள்வியே ஆகும்.

இவ்வறுவை நேற்றுத் தோன்றியதன்று. பிரித்தானியரான மைக்கேல் தில்லன் 1942இல் மார்பகங்களை அகற்றிக்கொண்டார். பின்னர் மருத்துவராகி, பௌத்தத் துறவை ஏற்று, 1962இல் இந்தியாவின் டல்ஹவுசியில் காலமானார். மார்பகத்தை அகற்றுவது வேறு, ஆண் மார்பை உருவாக்குவது வேறு என்ற தெளிவு அறுவை இலக்கியத்தில் வேரூன்றப் பல பத்தாண்டுகள் ஆயின. 1995இல் ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர்களான ஹாகேயும் புளூமும் தம் அனுபவத்தை எழுதினர். 2008இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த மான்ஸ்ட்ரே குழுவினர், மார்பகத்தின் அளவையும் தோலின் மீள்தன்மையையும் கொண்டு எந்த மார்புக்கு எந்த முறை பொருந்தும் என்று தீர்மானிக்கும் வழிமுறையை வகுத்தனர். மீள்தன்மை என்பது, விரிந்த தோல் தானாகச் சுருங்கி உடலோடு ஒட்டும் திறன். பைண்டர் எனப்படும் இறுக்கு உள்ளாடையையோ துணியையோ பல ஆண்டுகள் கட்டி வாழ்ந்தவரின் தோலில் இத்திறன் குறைந்திருக்கும். ஆகவே அறுவைக்கு முன் அவர் வாழ நேர்ந்த வாழ்க்கையும் அவருடைய தழும்பின் நீளத்தில் ஒரு பங்கு வகிக்கிறது.

மார்பகம் சிறிதாகவும் தோல் இறுக்கமாகவும் இருந்தால், காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பில் கீறி, அவ்வழியே திசுவை எடுத்துவிடலாம். தழும்பு அவ்விளிம்போடு கலந்து கண்ணுக்குத் தப்பும். பெரிதாகவோ தொய்ந்தோ இருந்தால் இரட்டைக் கீறல் முறையே ஏற்றது. அதில் இருபுறமும் மார்புத் தசையின் கீழ் எல்லையை ஒட்டி நீண்ட கீறல் இடப்பட்டு, காம்பும் கருவட்டமும் தோலாக எடுக்கப்பட்டு, அளவு குறைக்கப்பட்டு, புதிய இடத்தில் ஒட்டப்படுகின்றன. தழும்பு குறைவான முறையே சிறந்த முறை என்று வருவோர் எண்ணுவது இயல்பு. ஆயினும் சிறு கீறலின் வழியே செய்யும் அறுவையில் தோல் மிஞ்சிச் சுருக்கம் விழவும், மேடுபள்ளம் தங்கவும், மறுபடி திருத்தம் தேவைப்படவும் வாய்ப்பு மிகுதி. நீண்ட தழும்பை ஏற்பவருக்குத் தட்டையான மார்பு பெரும்பாலும் கிடைக்கிறது. தழும்பைத் தவிர்க்க விழைபவர் வடிவத்தில் சிறிது விட்டுக்கொடுக்க நேரலாம். இந்த எடையிடலை அறுவை மருத்துவர் தம் விருப்பப்படி முடித்துவிடாமல், அம்மார்போடு வாழப்போகிறவர் முன் விரித்து வைக்க வேண்டும். காம்பே வேண்டாம் என்று முடிவெடுப்போரும் உளர். அதுவும் முறையான தேர்வே.

புண் ஆறும் முறையை அறியாமல் தோற்றத்தைப் பற்றிப் பேச இயலாது. முதல் சில நாள்கள் அழற்சிக் காலம். வீக்கமும் வெப்பமும் வலியும் அப்போது இருக்கும். அடுத்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் புதிய இரத்தக் குழல்களும் கொலாஜன் என்னும் புரத இழைகளும் பெருகும் காலம். அதன்பின், தாறுமாறாகப் பின்னிய இழைகள் கலைந்து ஒழுங்குபெறும் முதிர்ச்சிக் காலம் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை செல்லும். ஒரு வாரம் ஆன புண்ணின் வலிமை, காயம்படாத தோலின் வலிமையில் ஏறத்தாழ 3 விழுக்காடே. மூன்று வாரத்தில் 20 முதல் 30 விழுக்காட்டை எட்டி, மூன்று மாதத்தில் 80 விழுக்காட்டை நெருங்கி, அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது. தோள்மட்டத்துக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது, சில வாரங்களுக்குக் குடத்தையோ சிலிண்டரையோ தூக்கக் கூடாது என்னும் விதிகள் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றன. இழுபடும் தழும்பு அகலும்.

இவ்வவையின் கவனத்துக்குரிய செய்தி இங்கேதான் இருக்கிறது. தழும்பு மிகச் சிவந்தோ கருத்தோ தடித்தோ தெரிவது பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் மாதங்களில். புண் மூடிவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்று மருத்துவமனை அனுப்பிவைப்பதோ அதற்கு முன்பாகவே. ஆக, கண்ணாடியின் முன் மனம் மிகவும் கலங்கும் வாரங்களில் கேட்பதற்கு ஆளில்லாமல் போகிறது. அக்குளை ஒட்டிக் கீறலின் முனையில் புடைத்து நிற்கும் தோல்மடிப்பு, ஒருபுறம் சற்று உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் தோன்றும் வீக்கம், தொட்டால் கட்டியாகத் தட்டுப்படும் தழும்பின் அடிப்பகுதி ஆகியவற்றுள் பெரும்பகுதி ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் தணியும். தணியாதவற்றைச் சிறு திருத்த அறுவையால் சரிசெய்யலாம். எது காலத்தால் மாறும், எது மாறாது என்பதை அறுவைக்கு முன்பே எழுத்தில் பெற்றவர், மூன்றாம் மாதத்துத் தழும்பை இறுதித் தழும்பென்று எண்ணி மனமுடைய மாட்டார்.

ஒட்டப்பட்ட முலைக்காம்பைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். அச்சம் மிகுதியாக எழுவது அதில்தான். தன் இரத்த ஓட்டத்தை முற்றிலும் இழந்த அத்தோல், முதல் ஓரிரு நாள்கள் அடியிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சியே உயிர்த்திருந்து, பின்னர் மெல்ல மெல்லக் குழல்களோடு இணைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் இரத்தம் பெறுகிறது. அதுவரை அசையாதிருக்கும்பொருட்டு அதன்மீது பஞ்சணைக் கட்டு இறுக்கித் தைக்கப்படுகிறது. கட்டைப் பிரிக்கும் நாளில் காம்பு கருத்தும் பொருக்குப் பிடித்தும் இருப்பதைக் கண்டு, அழுகிவிட்டது என்று நடுங்குவோர் பலர். மேல்தோல் மட்டுமே உரிந்து, அடியில் இளஞ்சிவப்புத் தோல் உயிரோடிருப்பதே பெரும்பாலான நேர்வுகளின் உண்மை. கருநிறத் தோலில் இதற்கு ஒரு பின்விளைவு உண்டு: உரிந்த இடத்தில் நிறமி திரும்பாமல் வெளிறிய திட்டுகள் தங்கலாம். பல மாதங்களில் நிறம் ஓரளவு மீளும். மீளாத இடத்தில் மருத்துவப் பச்சை குத்தி நிறம் சேர்க்கலாம். இரட்டைக் கீறல் முறையில் காம்பின் உணர்ச்சி பெரிதும் குன்றும் என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். சுற்றியுள்ள தோலின் மரத்த தன்மை மாதக்கணக்கில் குறைந்துகொண்டு வரலாம்.

பொறுத்திருக்கக் கூடாதவையும் உள்ளன. அறுவைக்குப் பிந்தைய முதல் நாளிலேயே ஒருபக்க மார்பு மட்டும் விரைந்து உப்பி இறுகி வலித்தால், அது தோலுக்கடியில் இரத்தம் தேங்குவதன் அடையாளம். உடனே மருத்துவமனைக்குத் திரும்பியாக வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றமுள்ள சீழ் ஆகியவையும் அவ்வாறே. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற பொது ஆறுதல், பொறுத்திருக்க வேண்டியவற்றையும் கூடாதவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் ஆபத்தானது.

தழும்பியலில் தமிழ்நாட்டு மருத்துவர்கள் எழுதியாக வேண்டிய இயல் ஒன்று காத்திருக்கிறது. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நின்று நாளடைவில் தணியும் தழும்பு வேறு. எல்லையைக் கடந்து நல்ல தோலிலும் படர்ந்து, அரித்து, வலித்து வளரும் கீலாய்டு வேறு. கருநிறத் தோலினரிடம் கீலாய்டு மிகுதி. நெஞ்செலும்பின் மீதுள்ள தோல் அதற்குப் பெயர்போன இடம். இரு கீறல்களும் நடுவில் சேராமல் நிறுத்தப்படுவது நலம் என்பதற்கு இது ஒரு வலுவான காரணம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட தோளிலோ கீலாய்டு வளர்ந்ததுண்டா என்ற எளிய வினாவை முதற் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். சிலிக்கோன் தகடு, டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி, வெயில் படாமல் காத்தல் ஆகியவை தொடக்கத்திலேயே கையாளப்பட்டால் பயன் மிகும். இருந்தும், வருவோர் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடும் படங்களுள் பெரும்பாலானவை வெளிர்தோல் மார்புகளின் படங்கள். அவற்றில் இளஞ்சிவப்புக் கோடாக மங்கிய தழும்பு இந்நாட்டுத் தோலில் கரும்பழுப்பாகவே நெடுநாள் நிற்கும். தம் மார்பு கெட்டுவிட்டதாகத் திருநம்பி ஒருவர் துயருறுவதற்கு, ஒப்பிடத் தகாததோடு ஒப்பிட நேர்ந்ததே காரணமாக இருக்கக்கூடும்.

ஆண் மார்பு இம்மண்ணில் மறைவான உறுப்பன்று என்பதையும் கருத வேண்டும். திருச்செந்தூர் முருகன் கோயிலிலும் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலிலும் ஆண்கள் மேலாடை களைந்தே வழிபடுகின்றனர். ஆற்றிலும் கிணற்றிலும் குளிக்கும் ஆண்களும், வயலில் உழைக்கும் ஆண்களும், வெக்கையில் திண்ணையில் படுத்திருக்கும் ஆண்களும் வெற்று மார்போடு இருப்பது இயல்பு. சட்டையைக் கழற்றும் அந்த எளிய செயலில் இரு கோடுகள் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அயலார் முன் விரித்துவிடக்கூடும் என்பதால், ‘என்ன ஆபரேஷன்?’ என்ற கேள்விக்கு அவர் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியுள்ளது. தழும்பைத் தம் வெற்றியின் அடையாளமாகக் கருதி மறைக்க விரும்பாதவரும் உளர். இருவகையினரில் எவருடைய விருப்பமும் மற்றவருடையதைவிடத் தாழ்ந்ததன்று. ஆனால் மறைக்க விரும்புபவரின் கவலையை அழகு மோகம் என்று தள்ளுவோர், அது பாதுகாப்பைப் பற்றிய கவலை என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆறும் இடம் வீடாக இருப்பதும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. குடும்பம் ஒதுக்கிய திருநம்பி, வடிகுழாயோடு நண்பரின் வாடகை அறையில் படுத்திருக்கையில், அதில் சேரும் நீரை அளந்து எழுதவும், தலைக்கு மேல் கையைத் தூக்காமல் சட்டை மாட்டிவிடவும் ஒருவர் தேவை. சித்திரை வெயிலில், அறுவைக்குப் பின் அணியும் இறுக்கு உடையைச் சில வாரங்கள் இடைவிடாது அணிவது வேர்க்குருவையும் தோலரிப்பையும் கொண்டுவரும் என்பதால், மாற்று உடை ஒன்றும் சிகிச்சைச் செலவில் சேர்க்கப்பட வேண்டும். பத்தியம் என்ற பெயரில் முட்டையும் மீனும் புண்ணுக்கு ஆகாது, சீழ் பிடிக்கும் என்று விலக்குவது நாட்டில் பரவலான வழக்கம். கொலாஜனைப் பின்னப் புரதம் தேவைப்படும் வாரங்களில் அப்பத்தியம் புண்ணுக்கே எதிராக முடிகிறது. மூடாத புண்ணில் மஞ்சளோ எண்ணெயோ தடவுவதும் தவிர்க்கப்பட வேண்டியது. புகைத்தல் நுண்குழல்களைச் சுருக்கி, ஒட்டிய காம்பையே பறித்துவிடக்கூடியது. அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்கள் அதை நிறுத்துமாறு அறிவுறுத்த வேண்டும்.

தோற்றத்தை அளக்க முடியாது என்ற வாதமும் இனி நிற்காது. போசாஸ் என்னும் தழும்பு அளவுகோல் மருத்துவரின் மதிப்பெண்ணையும் தழும்புடையவரின் மதிப்பெண்ணையும் தனித்தனியே பதிகிறது. பாடி-கியூ அளவுகோலின் 2018இல் வெளியான மார்புப் பகுதி, ஆண்களின் மார்பக வீக்கத்துக்கும் திருநம்பிகளின் மார்பறுவைக்கும் சேர்த்தே உருவாக்கப்பட்டது. மருத்துவர் நன்று என்று குறித்த தழும்பை உடையவர் நன்றன்று என்று குறித்தால், அவ்விடைவெளி விசாரிக்கப்பட வேண்டியது. அறுவைக்குப் பின் சில வாரங்கள் மனம் சோர்வது, வலி, மயக்க மருந்து, முடங்கிய நடமாட்டம் ஆகியவற்றால் பலருக்கும் நேர்வது. அச்சோர்வை, அறுவைக்காக வருந்தி மனம் மாறியதற்குச் சான்றாகக் கொள்வது அநீதி. அவ்வாறு கொள்ளப்படுவோம் என்ற அச்சத்தாலேயே பலர் தம் குறைகளைச் சொல்லாமல் விழுங்குகின்றனர் என்பதால், குறை சொல்வோரைச் சந்தேகிக்காத சூழலை மருத்துவமனை உருவாக்கித் தர வேண்டும்.

திருநர் நல வாரியத்தை 2008இலேயே அமைத்த மாநிலம் தமிழ்நாடு. உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அறுவை செய்துகொண்டாலொழிய ஒருவரின் பாலினத்தை ஏற்க இயலாது என்று வற்புறுத்துவதைச் சட்டவிரோதம் என்றது. ஆதலால் இவ்வறுவை எவர் மீதும் நிபந்தனையாகச் சுமத்தப்படத் தக்கதன்று, வேண்டுபவரின் உரிமை மட்டுமே. 2019இல் இயற்றப்பட்ட திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாலின அறுவைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் அரசு வசதி செய்ய வேண்டும் என்று கூறுகிறது. அவ்வசதி கீறலோடு தொடங்கித் தையல் பிரிப்போடு முடிவதாகக் கணக்கிடப்பட்டால், சிலிக்கோன் தகடும் ஊசியும் திருத்த அறுவையும் பச்சை குத்தலும் ஏழைத் திருநம்பிகளுக்கு எட்டாமலே போகும். ஓராண்டுத் தொடர்கவனிப்பையும், தேவைப்படுவோருக்கு ஒரு திருத்தத்தையும் முதல் அறுவையின் பகுதியாகவே கொள்ளும் நெறிமுறையை இம்மாநாடு வரைந்து தர வேண்டும்.

அந்நெறிமுறைக்கு முன்தேவை ஒன்றுண்டு: ஒப்புதலோடு, முகமும் அடையாளமும் நீக்கி, ஒரே வெளிச்சத்தில், முதல் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என எடுக்கப்பட்ட இந்நாட்டு மார்புகளின் படத்தொகுப்பு. அது எவர் பொறுப்பில் இருக்கும், எவர் பார்க்கலாம், ஒப்புதல் தந்தவர் பின்னர் மனம் மாறினால் படம் எவ்வாறு நீக்கப்படும் என்னும் மூன்று வினாக்களையும் முதல் அமர்வு விவாதிக்கும். அதில் முதலில் பேசும் வாய்ப்பு, இவ்வறுவையைச் செய்துகொண்டு அவையில் அமர்ந்திருக்கும் திருநம்பிகளுக்கு அளிக்கப்படுகிறது.