வெள்ளிப் பதக்கம் பெற்ற மந்திரி

விளையாட்டரங்கில் முதலில் வந்தவரை உலகம் போற்றும். இரண்டாவதாக வந்தவரை விரைவில் மறந்துவிடும். ஆயினும், இரண்டாமிடத்தில் நின்றே நினைவுகூரத் தக்கவரான அரசியல்வாதி ஒருவர் இருந்தார். அவரே பிரித்தானியத் தொழிற் கட்சியைச் சேர்ந்த பிலிப் நோயெல் பேக்கர்.

1889ஆம் ஆண்டில் லண்டனில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். போரில் ஆயுதம் ஏந்தலாகாது என்பது அப்பிரிவினரின் கொள்கை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கல்வியோடு ஓட்டப் பயிற்சியும் பெற்ற அவர், 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் விழாவில் 1500 மீற்றர் ஓட்டத்தில் பங்குபற்றினார். தம் நாட்டவரான ஆர்னல்ட் ஜாக்சன் வெற்றிபெறத் துணைநின்று, தாம் ஆறாவதாக ஓடி முடித்தார்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. அவர் படையிற் சேரவில்லை, ஒளிந்திருக்கவுமில்லை. குவேக்கர் இளைஞர்களைக் கொண்ட மருத்துவ ஊர்திப் பிரிவுக்குத் தலைமைதாங்கிப் போர்முனையில் காயமுற்றோரைக் காத்தார். பின்னர், 1920இல் அன்ட்வேர்ப் நகரில், தமது முப்பதாவது வயதில், மீண்டும் அதே ஓட்டத்தில் இறங்கினார். அங்கும் தம் அணியைச் சேர்ந்த அல்பேர்ட் ஹில் முதல்வராக வந்தார். அவரை அடுத்து ஓடிய பேக்கர் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

ஓட்டப் பந்தயத்துக்கு எல்லைக்கோடு உண்டு. அவர் மேற்கொண்ட மற்றைய ஓட்டத்துக்கோ அது இருக்கவில்லை. 1932இல் ஜெனீவாவில் கூடிய ஆயுதக் குறைப்பு மகாநாட்டில், அதன் தலைவரான ஆதர் ஹெண்டர்சனுக்கு உதவியாளராக உழைத்தார். அம்மகாநாடு தோல்வியுற்றது, சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. போருக்குப்பின் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

இலங்கை நேயர்களுக்கு 1948ஆம் ஆண்டு மறத்தற்கரியது. அவ்வாண்டு பெப்ரவரி 4ஆந் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றபோது, லண்டனில் பொதுநலவாய உறவுகளுக்கான மந்திரியாக இருந்தவர் பேக்கரே. அதே ஆண்டில் லண்டனில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவுக்கும் அரசாங்கத்தின் சார்பில் அவர் பொறுப்பாயிருந்தார். அவ்விழாவிலேதான் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து, இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அதுவும் வெள்ளிப் பதக்கமே.

1959இல் பேக்கருக்கு நோபெல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. ஒலிம்பிக் பதக்கத்தையும் நோபெல் பரிசையும் ஒருங்கே பெற்றவர் அவர் ஒருவரே. அதனோடு அவர் ஓய்ந்துவிடவுமில்லை. விளையாட்டு நாடுகளை நெருங்கச் செய்யும் என்ற நம்பிக்கையோடு சர்வதேச விளையாட்டு, உடற்கல்வி மன்றத்துக்குப் பல்லாண்டு தலைமைதாங்கினார். தொண்ணூறை எட்டிய வயதிலும், பென்னர் பிறொக்வேயுடன் கூடி உலக ஆயுத ஒழிப்புக்கான இயக்கமொன்றைத் தொடக்கினார்.

1982இல் அவர் காலமானபோது, வல்லரசுகளிடம் அணுகுண்டுகள் குவிந்தே கிடந்தன. அப்படியானால் அவர் வாழ்வு தோல்வியா? தன்னோடு ஓடுபவன் வெல்வதற்காகவும் ஓடலாம் என்பதை அவர் இளமையிலேயே கற்றிருந்தார். தாம் காணாத வெற்றியைப் பின்வருவோர் காணட்டும் என்று முதுமையிலும் அவரால் உழைக்க முடிந்தது அதனாலேயே. அத்தகைய உழைப்பைத் தோல்வி என்று கூறுதல் பொருந்தாது.