வரம்பிலும் நீதி வேண்டும்

(கமக்காரரும் காணி உடையோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



வயலை உழுவோரும் வயலை உடையோரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இச்சபையில், இருசாராருக்கும் கசப்பான ஒரு விடயத்தைப் பேச வந்துள்ளோம். குத்தகை உயர்வே அது. சூடடித்த களம் ஆறுமுன்னரே, "வரும் போகத்துக்கு இன்னும் இத்தனை மூடை தரவேண்டும், இன்றேல் வயலை விட்டுவிடுக" என்று அறிவித்தல் வருகின்றது. முன்னாளில் அது ஆள் மூலம் வந்தது. இன்று கடல்கடந்த நாட்டிலிருந்து தொலைபேசியிலும் வருகின்றது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு. அமைச்சர் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், பாதி வாரம் அளந்த வழக்கத்துக்கு அணையிட்டது. விளைவில் நாலிலொரு பங்குக்கு மேல் குத்தகை கேட்கலாகாது என்றது. குத்தகைக் கமக்காரரின் உரிமை நிலையானது, அவர் வழித்தோன்றலுக்கும் உரியது என்றும் விதித்தது.

ஆயின் நடந்தது யாது? உழுதவரைக் குத்தகைக்காரர் அல்லர், கூலியாள் என்று பெயர் மாற்றிக் கூறினர் நிலமுடையோர் பலர். சட்டத்தின் நிழல் விழுமுன்னரே வயலைவிட்டு வெளியேற்றப்பட்டோரும் பலர். தாம் உழுததற்கு அவர்களிடம் சாட்சி இருந்தது, சான்றோ இருக்கவில்லை. எழுத்து இல்லாத இடத்தில் உரிமையும் இல்லாமற் போயிற்று. பின்னர் 1979ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. சட்டங்கள் மாறின, வாய்ச்சொல்லை நம்பி ஏர் பூட்டும் வழக்கம் நம்மிடையே மாறவில்லை.

நிலமுடையோர் யாவரும் பெரும் போடிமார் அல்லர் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும், கணவனை இழந்த தாயாரும், சில பரப்பு வயலை முதுமைக்குத் துணையாக வைத்திருப்போரும் அவர்களுள் உளர். ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது அவர்களது அடுப்பும் வாடியது. அவர்கள் கேட்பதெல்லாம் பேராசை என்று சொல்லுதல் நீதியாகாது.

எனினும் கேட்கும் முறையில் நீதி வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஓர் ஏக்கரில் 60 புசல் விளைந்தால் நாலிலொரு பங்கு 15 புசல். அதை விடுத்து, "விளைந்தாலும் விளையாவிட்டாலும் 20 புசல்" என்று ஒருவர் விதித்தால், மழை பொய்த்து 30 புசலே கண்ட ஆண்டில் மூன்றில் இரு பங்கு களத்திலேயே போய்விடும். எஞ்சிய 10 புசலில் விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் பட்ட கடனை அடைத்துக் குடும்பம் உண்ணுவதெங்ஙனம்? 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோதும், 2022ஆம் ஆண்டில் எரிபொருளின் விலை ஏறியபோதும் இந்தச் சுமையை முதலில் தாங்கியவர் உழுதவரே. விளைவோடு ஏறி இறங்கும் பங்கு, நட்டத்தையும் இருவருக்கும் பகிர்கின்றது. அசையாத குத்தகை நட்டம் முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுகின்றது.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகின்றோம். முதலாவது, விதைப்புக்கு முன்னரே குத்தகையை எழுத்தில் வைத்து இருவரும் ஒப்பமிடுக. அளந்த நெல்லுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்குக. இரண்டாவது, உயர்வு கேட்பதாயின் உழவு தொடங்குமுன் நேரில் பேசி, கமக்காரர் அமைப்பின் முன் கணக்கைக் காட்டுக. மூன்றாவது, கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் உழுபவரின் பெயர் உண்மையாகப் பதியப்படுக. சட்டத்தின் காப்புப் பெற்ற குத்தகைக் கமக்காரரை ஒரு கடிதத்தால் அகற்றிவிட முடியாது என்பதை இருசாராரும் அறிக.

சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே! உங்களுட் பலர் வயலுடையோர். அந்த முதல் எழுத்தை நீங்களே எழுதுங்கள்.

1957ஆம் ஆண்டில் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. காணியும் குடியேற்றமும் அதன் பொருளுள் அடங்கின. 1958ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. அந்த வேதனையை நாம் இன்றும் பேசுகின்றோம். எழுதிய வாக்கே காக்கப்படாத நாட்டில், எழுதாத வாக்கை நம்பி நிற்கும் நம் உழவனுக்கு யார் காவல்? கொழும்பிடம் நாம் கேட்கும் நீதியை நமது வயல் வரம்பில் நாமே மறுப்போமாயின், நமது கோரிக்கைக்கு வலிமை எங்கிருந்து வரும்?

இவ்வாண்டு ஏர் பூட்டுமுன் அந்த ஒரு தாளை எழுதி முடிப்போமாக.