கேட்போம், பேசுவோம், செய்வோம்



வானொலி என்றதும் அதனைப் பாட்டுப் பெட்டி என்று எண்ணுவோர் நம்மில் பலர். பாட்டு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆயினும், ஒரு வட்டாரத்து மக்கள் தம் ஊர்க் காரியங்களைத் தமக்குள் பேசித் தெளிவதற்கும் அது சிறந்ததொரு கருவியாகும். பொது வசதி, சுகாதாரம், கலை, நாட்டு நடப்பு ஆகியவை பற்றி வானொலியில் நிகழும் உரையாடல்களைத் தேனி மாவட்டத்துக் கிராமங்கள் எவ்வாறு பயன்படுத்திக் கொள்ளலாம் என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

முதலில் நம் நில அமைப்பைக் கவனிப்போம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இரு மலைத்தொடர்களுக்கு இடையே அமைந்தவை. பண்பலை ஒலி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்லும் இயல்புடையவை; குன்று குறுக்கிட்டால் மறுபுறம் ஒலி தளர்ந்துவிடும். ஆதலால், கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் நிலையம் அடிவாரத்து மக்களுக்குப் பெரிதும் பயன்படுகிறது. 1987-இல் தோன்றிய மதுரை வானொலியும் இப்பகுதிக்கு அறிமுகமானதே. எனவே, கேட்பதற்கு வழி இருக்கிறது. கேட்டபின் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண நம் நாட்டில் ஒரு சோதனை நடந்தது. 1956-இல் யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி புனாவைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்களை அமைத்தது. மன்றத்தினர் கூடியமர்ந்து ஒலிபரப்பைக் கேட்டனர். பின்பு தமக்குள் விவாதித்தனர். எழுந்த வினாக்களை நிலையத்துக்கு எழுதியனுப்பினர். மன்றம் இல்லாத கிராமங்களோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களைக் காட்டிலும் மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு மிகுதியாக வளர்ந்தது தெரியவந்தது. பெட்டி மட்டும் போதாது, பேச்சும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகை பரவியபோது, வானொலி வாயிலாக அதனை அறிந்த உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு வழங்கினர்.

பிற்காலத்தில் இன்னொரு கதவும் திறந்தது. ஒலி அலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-இல் இலாப நோக்கற்ற தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இத்தகைய நிலையம் நடத்த வழி பிறந்தது. சிறு ஆற்றலுடைய இந்நிலையங்கள் சில மைல் தூரமே எட்டும். ஆனால், அக்குறுகிய எல்லையே அவற்றின் பலம். அங்கே பேசுபவரும் கேட்பவரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள் அல்லவா?

இனி, நம் பள்ளத்தாக்கின் தேவைகளைப் பார்ப்போம்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. தொட்டியையும் குடத்தையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள் என்று மருத்துவர் கூறுகிறார். அது சரியான அறிவுரை. ஆனால், குழாயில் என்று தண்ணீர் வரும் என்பது தெரியாத தாய் இருக்கிற தண்ணீரைக் கொட்ட எப்படித் துணிவாள்? ஆகவே, அந்த உரையாடலில் மருத்துவருக்கு அருகே, மேல்நிலைத் தொட்டியை இயக்கும் ஊராட்சிப் பணியாளரும் அமர வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் நீர் வரும் என்று அவர் கூறினால்தான் மருத்துவர் சொல் செயலாகும். சுகாதாரமும் பொது வசதியும் ஒன்றையொன்று பிரிந்தவை அல்ல.

கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெருமைதான். ஆயினும், மழைக் காலத்தில் அடிச்சாம்பல் நோய் கண்டால் மருந்து தெளித்தாக வேண்டும். தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பழம் பறிக்கலாம் என்பதை வேளாண் அலுவலர் விளக்கலாம். மருந்து தெளிக்கும் தொழிலாளிக்குக் கண் எரிச்சலும் மயக்கமும் நேர்ந்தால் என்ன செய்வது? அதனை அத்தொழிலாளியின் வாயாலேயே கேட்க வேண்டும்.

நாட்டு நடப்பும் அவ்வாறே. 1895 முதல் பெரியாற்று நீர் நம் வயல்களை வாழ்விக்கிறது. அணையைப் பற்றி ஒரு சொல் எழுந்தாலும் இங்கே ஊரே கலங்குகிறது. 2011 டிசம்பரில் மூண்ட பதற்றத்தில் குமுளிப் பாதை தடைப்பட்டது. மலைத் தோட்ட வேலைக்குச் சென்ற தொழிலாளர் பலர் அஞ்சித் திரும்பினர். அத்தகைய நாட்களில் வதந்தி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறது. இன்று கைப்பேசி அதற்குச் சிறகும் தந்துவிட்டது. நீர்மட்டம் எத்தனை அடி, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பொறுப்புள்ள அலுவலர் குறித்த நேரத்தில் வானொலியில் கூறுவதே வதந்திக்கு மருந்து.

கலையை இறுதியில் கூறுவதால் அது சிறிதென்று எண்ணலாகாது. பாவலர் வரதராசனும் இளையராஜாவும் பிறந்த பண்ணைப்புரம் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. நடவுப் பாட்டும் கும்மியும் ஒயிலாட்டப் பாடலும் அறிந்த முதியோர் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் குரலை இன்று பதிவு செய்யாவிடில் நாளை கேட்க இயலாது. பாட்டுக்காக அமர்ந்தவர், அடுத்து வரும் சுகாதாரப் பேச்சையும் கேட்பார் என்பது உபரி இலாபம்.

இவற்றுக்காக ஊராட்சிகள் செய்யத்தக்கவை மூன்று. முன்பு ஊராட்சி வானொலி அறையின் ஒலிபெருக்கியைக் கேட்க ஊரே கூடியதைப் பெரியோர் அறிவர். அதுபோல் வாரம் ஒரு மாலை, பதினைந்து இருபது பேர் ஓரிடத்தில் கூடிக் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்களுள் பாதிப் பேராவது பெண்களாகவும் கூலித் தொழிலாளராகவும் இருத்தல் நலம். இரண்டாவதாக, எழும் வினாக்களை ஒருவர் எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவதாக, ஊரே தீர்க்கக்கூடிய காரியத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்க வேண்டும். குடியரசு நாள், சுதந்தர நாள், காந்தி பிறந்த நாள் முதலிய நாட்களில் கூடும் சபைக்கு, முன்பே பேசித் தெளிந்த பொருளுடன் செல்வோமானால், அங்கே கூச்சல் குறையும்; காரியம் மிகும்.

ஒலிபரப்புவோருக்கும் ஒரு விண்ணப்பம். எழுதிவைத்ததைப் படித்துவிட்டுப் போகும் அலுவலரை மக்கள் கேட்பதில்லை. குறுக்குக் கேள்விக்கு இடந்தர வேண்டும். போன வாரம் கேட்ட வினாவுக்கு இந்த வாரம் பதில் வரவேண்டும். பதில் வாராத இடத்தில் இரண்டாவது கடிதம் எழுதப்படுவதில்லை.

அன்பர்களே! மலைகள் ஒலியைத் தடுக்கலாம். ஆனால், பக்கத்து வீட்டாரின் குரல் நம் செவிக்கு எட்டாமற்போனால் பழியை மலைமேல் போட இயலாது. கூடிக் கேட்போம், அஞ்சாமல் பேசுவோம், பேசியதைச் செய்வோம்.