அறைக்குள் ஒரு பற்றரி

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனபின், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தை வல்வெட்டித்துறை மறக்கவில்லை. அன்று பற்றரி அருமந்த பொருள். அவ்வருமை கருதியே, ஓடாது நிற்கும் காரின் பற்றரியை அறைக்குள் வைத்து, இரவு முழுவதும் மெல்லென மின்னேற்றுவாருளர். எண்ணம் நன்று; இடமே தீது.

அன்பர்களே, மின்னேற்றம் நிறையுந் தறுவாயிற் பற்றரியின் நீர் பிரிந்து ஐதரசன் வாயு எழுகின்றது. நிறமும் மணமுமற்ற அவ்வாயு, காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியால் தீப்பற்றும். பற்றரி வெடித்தால் தெறிப்பது கந்தக அமிலம். அது கண்ணையே பறித்துவிடும்.

காற்றினும் இலேசான இவ்வாயு கூரையடியில் தங்குவது. ஆகையால், யன்னலைத் திறத்தல் மாத்திரம் போதாது. உயரத்திலும் வழி வேண்டும். கடற்காற்று வீசும் விறாந்தையே உகந்தது. 12 வோல்ற்றுப் பற்றரிக்கு, நிறைந்தபின் ஏறத்தாழ 13.5 வோல்ற்றுக்குத் தானே தாழும் சார்ஜரையே கொள்க. கவ்விகளைப் பூட்டிய பின்னரே சுவிட்சைப் போடுக. கழற்றுமுன் சுவிட்சை நிறுத்துக. சாமி விளக்கும் சுருட்டும் அவ்விடத்தை அணுகலாகாது.

இவ்வூரிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா சென்றடைந்தது. காற்றின் வழியறிந்து கலமோட்டியோரின் வழிவந்தவர், வீட்டினுள்ளும் காற்றுக்கு வழிவிடுவாராக!