கணினி போட்ட கணக்கையும் சரிபார்ப்போம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்மில் சிலர் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதப் பழகி வருகிறோம். நமக்குத் தெரிந்த வட்டிக் கணக்கையே முதலில் எழுதிப் பார்ப்போம். ஒன்றை மட்டும் மனசில் வைக்கணும். நாம் நினைத்ததைக் கணினி செய்யாது, எழுதியதைத்தான் செய்யும்.

கடன் 10,000 ரூபாய் என்று வைப்போம். மாதம் 100க்கு 1 ரூபாய் வட்டி. மாதம் 1,000 அசல் கட்டி 10 மாதத்தில் முடிக்கணும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90, கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபாய். இதைக் கையால் போட்டு நோட்டில் எழுதிய பிறகே நிரல் எழுத உட்காரணும்.

இப்ப நிரல் தரும் விடையைப் பாருங்க.

* 1,000 வந்தால், கட்டிய அசலைக் கழிக்க மறந்துட்டோம். பத்து மாதமும் முழுக் கடனுக்கே வட்டி போட்டிருக்கு.
* 540 வந்தால், ஒரு மாதம் விட்டுப்போச்சு. 'ரேஞ்ச்' என்பதற்கு 1, 10 என்று கொடுத்தால் 9 வரைதான் எண்ணும். 1, 11 என்று கொடுக்கணும்.
* சேமிப்பு 100ம் 50ம் கூட்டி 10050 வந்தால், 'இன்புட்' வாங்கியதை எழுத்தாகவே ஒட்டியிருக்கு. 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றணும்.

இந்த மூன்றிலும் நிரல் நிற்காமல் ஓடும், பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லாது. "கம்ப்யூட்டரே சொல்லுது"ன்னு நம்பி ஒரு சகோதரி 450 ரூபாய் கூடுதலாகக் கட்டிட்டுப் போவாங்க. பிறகு குழுமேல் நம்பிக்கை இருக்குமா?

நிரல் பாதியில் நின்றால் பயப்பட வேண்டாம். திரையில் வரும் கடைசி வரி என்ன தவறு என்று சொல்லும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். நிதானமாகப் படிங்க.

இரண்டு மூன்று வரி எழுதியதும் ஓட்டிப் பாருங்க. மாற்றும் முன் ஒரு நகல் வையுங்க. ஒருத்தர் கையெழுத்தில் குழுப் பணத்தை எடுக்க விடமாட்டோமே, அதுபோல ஒருத்தர் எழுதிய நிரலை இன்னொருத்தர் பார்க்காமல் குழுக் கணக்குக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நோட்டும் கணினியும் ஒரே தொகை சொன்னால்தான் அது நம்ம கணக்கு.